ஓப்பன் ஸ்டான்ஸா நியூட்ரலா? டென்னிஸ் ஆடுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கோர்ட்டுக்குப் புதுசா வர்றவங்களும் சரி, பத்து வருஷமா ஆடுறவங்களும் சரி, அடிக்கும்போது காலை எங்க வைக்கணும்ங்கிறதுல, அதாவது ஸ்டான்ஸ்ல, கேக்குற சந்தேகம் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு. ஆடி முடிச்சு தண்ணி குடிக்க உக்காந்தா யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சிடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே கேள்வியைப் போட்டிருக்கேன். எல்லாமே வலதுகைக்காரங்களை மனசுல வச்சு எழுதினது, இடதுகைன்னா காலையும் தோளையும் மாத்திப் படிச்சுக்கோங்க.

ஓப்பன், நியூட்ரல், க்ளோஸ்டுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, எனக்கு சுத்தமா புரியல. முதல்ல இருந்து சொல்லுங்களேன்?

அடிக்கிற நேரத்துல ரெண்டு கால் கட்டைவிரலையும் இணைச்சு தரையில ஒரு கோடு போட்டதா நினைச்சுக்கோங்க. அந்தக் கோடு பேஸ்லைனுக்கு (கோர்ட்டோட பின் எல்லைக் கோடு) இணையா கிடந்தா, அதாவது ரெண்டு காலும் நெட்டுக்கு சம தூரத்துல இருந்தா, அது ஓப்பன் ஸ்டான்ஸ். ஃபோர்ஹேண்டுக்கு (வலது பக்கம் வர்ற பந்தை அடிக்கிறது) இடது காலை நெட் பக்கமா ஒரு அடி எடுத்து வச்சு, கோடு நேரா நெட்டைப் பாத்துப் போச்சுன்னா நியூட்ரல், இதையே சிலர் ஸ்கொயர்னும் சொல்வாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல சாய்வா நின்னா செமி ஓப்பன். இடது கால் வலது காலையும் தாண்டி குறுக்கப் போயிட்டா க்ளோஸ்டு.

பேருக்கு நாலு வகை இருந்தாலும் கோர்ட்ல நடக்குறது எல்லாம் இதுக்கு நடுவுல எங்கயாவதுதான் விழும். டிகிரி பாத்து நிக்கணும்னு யாரும் மெனக்கெட வேண்டாம்.

ஓப்பன்னா நெஞ்சை நெட்டுக்குக் காட்டிட்டு நின்னு அடிக்கணும், அவ்வளவுதானே?

இல்லவே இல்ல, இந்த ஒரு தப்பு மட்டும் சரியாயிட்டா பாதிப்பேரோட ஃபோர்ஹேண்டே மாறிடும். ஓப்பன்ங்கிறது பாதத்துக்கு மட்டும்தான் பேர். தோள் முழுசா திரும்பியே ஆகணும். பந்து எதிராளி ராக்கெட்டை விட்டுக் கிளம்பினதும் இடது தோள் உங்க தாடைக்கு கீழ வந்துடணும், இடது கை ராக்கெட்டோட கழுத்தைப் பிடிச்சபடியே கூடத் திரும்பி, அப்புறமா வலது பக்க சைடுலைனைக் காட்டுற மாதிரி நீளணும். முதுகோட ஒரு பகுதி எதிராளிக்குத் தெரியுற அளவுக்குத் திரும்பினாலும் தப்பில்ல.

கால் ஓப்பனா இருந்து தோள் திரும்பி இருக்குறப்போதான் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு முறுக்கு ஏறும், துணியைப் பிழியுற மாதிரி. அந்த முறுக்கு அவிழ்றதுதான் பந்துக்குப் போற சக்தி. தோளைத் திருப்பாம காலை மட்டும் திறந்து வச்சா முறுக்கே இல்ல, வெறும் கையாலதான் தள்ளணும், ரெண்டு வாரத்துல முழங்கை பேச ஆரம்பிச்சிடும்.

ரெண்டுல எது நல்லது? ஒண்ணை மட்டும் ஒழுங்கா கத்துக்கலாம்னு இருக்கேன்

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உக்காந்தேன்னு சொல்லலாம். ரெண்டும் தனித்தனி டெக்னிக்னு நினைக்குறதாலதான் இந்தக் குழப்பம். ஃபோர்ஹேண்ட் ஓப்பனா இருந்தாலும் நியூட்ரலா இருந்தாலும் முதல்ல ஊணுறது வலது கால்தான், அதாவது பந்து இருக்குற பக்கத்துக் கால், இதை வெளிக்கால்னு சொல்றேன். தோள் திரும்புது, வலது கால் பந்துக்குப் பின்னாடி போய் ஊணுது, முட்டி மடங்கி உடம்பு வெயிட் அது மேல உக்காருது. இது வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே வேலை.

அதுக்கப்புறம் டைமும் இடமும் இருந்தா இடது காலை முன்னாடி வைங்க, அது நியூட்ரல் ஆயிடும். இல்லையா, வைக்காம அங்கேயே சுத்தி அடிங்க, அது ஓப்பன். ஒரே ரோட்டுல கடைசியில பிரியுற ரெண்டு வழி மாதிரி. வெளிக்காலை ஊணக் கத்துக்கிட்டவங்களுக்கு ரெண்டும் வந்துடும், இடது காலை எடுத்து வைக்க மட்டும் கத்துக்கிட்டவங்களுக்கு பந்து கொஞ்சம் வேகமா வந்தாலே ஒண்ணும் வராது.

பவர் எதுல அதிகமா வரும்?

வழி வேற. நியூட்ரல்ல பின்கால்ல இருக்குற வெயிட் முன்காலுக்குப் போகுது, உடம்பு மொத்தமும் நெட் பக்கம் நகருது, அதோட இடுப்பும் சுத்துது. ஓப்பன்ல முன்னாடி நகர்றது கம்மி, சுத்துறதுதான் மெயின், வலது கால் தரையைத் தள்ளி அந்தத் தள்ளல் இடுப்புக்கு, இடுப்புல இருந்து முதுகுக்கு, தோளுக்கு, கைக்கு, கடைசியா ராக்கெட்டுக்குன்னு ஏறிப் போகும். சாதாரணமா ஆடுறவங்களுக்கு, மெதுவா வர்ற பந்துல நியூட்ரல்தான் கம்மி உழைப்புல நல்ல கனமான ஷாட் தரும், உடம்பு வெயிட்டே பாதி வேலையைப் பாத்துடுது. வேகமா வர்ற பந்துல அந்த வெயிட்டை நகத்த டைம் இருக்காது, அங்க ஓப்பன்தான் ஜெயிக்கும்.

ஓப்பன்ல சரியா அடிச்சா ஷாட் முடியும்போது வலது இடுப்பு நெட்டைத் தாண்டி சுத்தி, வலது கால் தானா முன்னாடி வந்து விழும். டிவில ஆடுறவங்க குதிச்சு அடிக்குற மாதிரி தெரியுறது இதுதான். குதிக்கணும்னு குதிக்குறது இல்ல, கால் தரையைத் தள்ளின வேகத்துல உடம்பு எழும்புது. இதைப் பாத்துட்டு சும்மா குதிக்குறவங்களுக்கு பந்து அவுட்லதான் போகும்.

எங்க அப்பா ஆடின காலத்துல காலை முன்னாடி வைக்காம அடிச்சா கோச் திட்டுவாராம். இப்போ மட்டும் எப்படி மாறிச்சு?

அப்பா சொல்றது உண்மைதான், அப்போ அதுக்குக் காரணமும் இருந்துச்சு. 1974 வரைக்கும் நாலு கிராண்ட் ஸ்லாம்ல மூணு புல் தரையிலதான் நடந்துச்சு. யுஎஸ் ஓப்பன் 1975ல புல்லை விட்டுச்சு, ஆஸ்திரேலியன் ஓப்பன் 1987 வரைக்கும் புல்லுலதான் இருந்துச்சு. புல்லுல பந்து எழும்பாது, முட்டிக்குக் கீழ வழுக்கிட்டு வரும், அதைக் குனிஞ்சு முன்னாடி போய் எடுத்தே ஆகணும். ராக்கெட் மரம், தலை 65ல இருந்து 70 சதுர அங்குலம் வரைக்கும்தான், நடுவுல படலேன்னா பந்து செத்துடும். அந்த ராக்கெட்டை வேகமா சுத்தி டாப்ஸ்பின் போடுறது, அதாவது பந்தை முன்பக்கமா சுழல வைக்குறது, கஷ்டம், அதனால உடம்பை முன்னாடி நகத்தி நேரா தள்ளி அடிச்சாங்க.

1976ல பிரின்ஸ் 110 சதுர அங்குல ராக்கெட்டைக் கொண்டு வந்தாங்க, 80கள்ல கிராஃபைட் வந்துச்சு, லேசாவும் விறைப்பாவும் ஆனதும் கையை வேகமா வீச முடிஞ்சுது. குஸ்தாவோ குவெர்ட்டென் 1997ல பாலியஸ்டர் ஸ்ட்ரிங் போட்டு ஃப்ரெஞ்ச் ஓப்பன் ஜெயிச்சதுக்கு அப்புறம் அந்த ஸ்ட்ரிங் எல்லார் ராக்கெட்லயும் ஏறிடுச்சு. ஸ்பின் கூடினா பந்து தோள் உயரத்துக்கு எழும்பும், வேகமும் கூடுச்சு, காலை எடுத்து வைக்க டைம் சுருங்கிப் போச்சு. ஓப்பன் ஸ்டான்ஸ் யாரோ கண்டுபிடிச்ச ஃபேஷன் கிடையாது, பந்து மாறினதால காலும் மாறிச்சு. அப்பாவோட நியூட்ரல் இன்னைக்கும் வேணும், எங்கன்னு கீழ சொல்றேன்.

பந்து வர்ற வேகத்துல எந்த ஸ்டான்ஸ்னு யோசிக்கவே டைம் இல்லையே, எப்படி முடிவு பண்றது?

யோசிக்க வேண்டாம், யோசிச்சா லேட்தான். நாலு விஷயம் சேர்ந்து உங்களுக்காக முடிவு பண்ணும்: எவ்வளவு டைம் இருக்கு, பந்து எவ்வளவு உயரம், உங்களை விட்டு எவ்வளவு தள்ளி வருது, ஆழமா விழுதா ஷார்ட்டா விழுதா. வேகம், உயரம், தூரம், ஆழம் இதுல ஏதாவது ஒண்ணு உங்களை நெருக்குனா ஓப்பன். நெருக்கலேன்னா காலை எடுத்து வைங்க, நியூட்ரல்.

சர்வீஸ் லைன் (நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவுல இருக்குற கோடு) பக்கத்துல மெதுவா, இடுப்புக்குக் கீழ ஒரு பந்து விழுது, அதை ஓப்பன்ல நின்னு அடிக்குறது கையில கிடைச்சதை நழுவ விடுறது மாதிரி. முன்னாடி போங்க, வலது காலை ஊணுங்க, இடது காலை நெட் பக்கம் வைங்க, அடிச்ச வேகத்துலயே நெட்டுக்குப் போயிடலாம். இதே பந்து பேஸ்லைனுக்கு ஒரு அடி முன்னாடி விழுந்து தோளுக்கு எழும்பினா, அங்க காலை முன்னாடி வைக்கப் பாத்தா பந்து உங்க மேலயே ஏறிடும். ரெண்டடி பின்னாடி போய் வெளிக்காலை ஊணி ஓப்பன்ல சுத்துங்க.

சைடுல ரொம்ப தள்ளி வர்ற பந்துக்கு ஓப்பன்தான்னு ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றாங்க?

அடிக்குறதுக்காக மட்டும் இல்ல, திரும்பி வர்றதுக்காக. சிங்கிள்ஸ் கோர்ட் அகலம் 8.23 மீட்டர். வலது மூலைக்கு ஓடிப் போய் கடைசியா இடது காலைக் குறுக்க வச்சு அடிச்சீங்கன்னா உடம்போட வேகம் இன்னும் வெளியிலதான் போகும். நின்னு, வலது காலைக் கொண்டு வந்து, திரும்பி, அதுக்கப்புறம்தான் நடுவுக்கு ஓட முடியும், அதுக்குள்ள எதிராளி காலி இடத்துல பந்தைப் போட்டிருப்பாரு.

வலது காலை வெளியில ஊணி ஓப்பன்ல அடிச்சா, அடிக்கத் தரையைத் தள்ளுற அதே தள்ளல் உங்களையும் நடுவுக்குத் தள்ளி விட்டுடும். பிரேக்கும் அந்தக் கால்தான், கிளம்புறதும் அந்தக் கால்தான். களிமண் கோர்ட்ல வழுக்கிட்டுப் போய் அடிக்குறவங்க இதைத்தான் பண்றாங்க, ஹார்ட் கோர்ட்லயும் கிம் கிளைஸ்டர்ஸும் ஜோகோவிச்சும் வழுக்கியே பண்ணிக் காட்டினாங்க. நாம ஹார்ட் கோர்ட்ல வழுக்கப் பாக்க வேண்டாம், கணுக்கால் போயிடும். கடைசி ரெண்டு மூணு அடியை சின்னதா வச்சு வெளிக்கால்ல பிரேக் போட்டாலே போதும்.

எட்டவே எட்டாத பந்துன்னா எந்தக் கால் வருதோ வரட்டும், க்ளோஸ்டுலயே அடிங்க. உசரமா போட்டு டைம் வாங்குங்க, அந்த நேரத்துல ஸ்டான்ஸ் பாக்குறவங்க யாரும் இல்ல.

தாழ்வா வர்ற பந்தை ஓப்பன்ல அடிச்சா நெட்லயே போய் குத்துது, ஏன் சார்?

ரெண்டு காலும் அகலமா சைடுல இருக்குறப்போ கீழ இறங்குறது கஷ்டம். பெரும்பாலும் முட்டிக்குப் பதிலா இடுப்பை மடக்கிக் குனிவோம், அப்போ தலை கீழ போகும், அடிக்கும்போது தலை சட்டுனு மேல வரும், ராக்கெட் பந்தோட மேல் பக்கத்துல உரசிட்டுப் போயிடும். நியூட்ரல்ல காலை முன்னாடி வச்சா ரெண்டு முட்டியும் மடங்கி உடம்பு நேரா இறங்க இடம் கிடைக்கும், ராக்கெட்டும் பந்து போற திசையிலயே கொஞ்ச தூரம் கூடப் பயணம் பண்ணும், அதனால டைமிங் கொஞ்சம் தப்பினாலும் பந்து நேராவே போகும். ஸ்லைஸுக்கு (பந்தை அடியில வெட்டின மாதிரி பின்பக்கமா சுழல விடுற ஷாட்) பதில் சொல்றப்போ இதை ஞாபகம் வச்சுக்கோங்க. ஸ்லைஸ் பந்து எழும்பாம வழுக்கிட்டு வரும், டைமும் கொஞ்சம் கிடைக்கும், அந்த டைமை கால் வைக்க செலவு பண்ணுங்க.

கிரிப்புக்கும் ஸ்டான்ஸுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. கிரிப்னா ராக்கெட்டைப் பிடிக்குற விதம், ஈஸ்டர்ன்ல இருந்து செமி வெஸ்டர்ன், வெஸ்டர்ன்னு போகப்போக உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில போகும். ஈஸ்டர்ன் கிரிப் பிடிக்குறவங்களுக்கு பந்து இடுப்பு உயரத்துல, உடம்புக்கு ரொம்ப முன்னாடி போகாம கிடைக்கணும், அவங்களுக்கு நியூட்ரல் இயல்பா வரும். செமி வெஸ்டர்ன், வெஸ்டர்ன் பிடிக்குறவங்களுக்கு பந்து இன்னும் முன்னாடியும் உயரமாவும் இருந்தாதான் ராக்கெட் முகம் நேரா இருக்கும், அதுக்கு இடுப்பு முன்கூட்டியே திறந்தாகணும், அதனால ஓப்பன் இல்லேன்னா செமி ஓப்பன் சௌகரியம். முழு வெஸ்டர்ன் பிடிச்சுக்கிட்டு எல்லா பந்துக்கும் காலைக் குறுக்க வச்சு அடிக்குறவங்களைப் பாத்தீங்கன்னா பந்து உடம்போட ஒட்டி மாட்டிக்கிட்ட மாதிரி அடிப்பாங்க. அவங்களுக்கு கிரிப்பை மாத்துறதை விட காலை மாத்துறது சுலபம்.

டூ ஹேண்ட் பேக்ஹேண்டுல ஓப்பன் வருமா? எனக்கு வரவே மாட்டேங்குது

வரும், ஆனா ஃபோர்ஹேண்ட் அளவுக்கு சீக்கிரம் வராது. டூ ஹேண்டர்ல, அதாவது இடது பக்கம் வர்ற பந்தை ரெண்டு கையாலயும் அடிக்குறதுல, இடது கை வேலைதான் அதிகம், இடதுகைக்காரங்களோட ஃபோர்ஹேண்டுன்னே நினைச்சுக்கலாம். வெளிக்கால் இங்க இடது கால். அதை ஊணி, வலது தோள் தாடைக்குக் கீழ வர்ற வரைக்கும் திரும்பி, அங்கிருந்தே சுத்தணும். பல பேருக்கு வராததுக்குக் காரணம் இடது கால்ல உக்காரப் பழக்கமே இல்லாததுதான், ஃபோர்ஹேண்டுல வலது கால் தினமும் நூறு தடவை மடங்குது, இடது காலுக்கு அந்த வேலையே கிடைக்குறதில்ல.

வீனஸ், செரீனா ரெண்டு பேரும் பேக்ஹேண்டை ஓப்பன்ல அடிச்சே எத்தனையோ மேட்ச் ஜெயிச்சாங்க, வெளிக்கால்ல எவ்வளவு கீழ உக்காருறாங்கன்னு வீடியோல நிறுத்தி நிறுத்திப் பாருங்க. ஆனாலும் டைம் கிடைக்குற பந்துக்கு நியூட்ரலையே முதல் பழக்கமா வச்சுக்கோங்க, டூ ஹேண்டர் நிலையா வர்றது அங்கதான்.

அப்போ ஒன் ஹேண்ட் பேக்ஹேண்டுக்கு?

அது வேற கதை. ஒன் ஹேண்டர்ல அடிக்கிற தோளே முன்னாடிதான் இருக்கு, பந்தையும் டூ ஹேண்டரை விட இன்னும் முன்னாடி எடுக்கணும். வலது காலை அழுத்தி முன்னாடி ஊணி அது மேல சாஞ்சு அடிச்சாதான் பலம் வரும், நியூட்ரல் இல்ல கொஞ்சம் க்ளோஸ்டு ரெண்டும் சரி. ஃபோர்ஹேண்டுல க்ளோஸ்டு இடுப்பை அடைச்சிடும், இங்க அடைக்காது, ஏன்னா இங்க இடுப்பு அந்த அளவுக்கு சுத்தவே வேண்டாம். ஸ்டான் வாவ்ரிங்கா அடிக்கிறப்போ முன்கால் எப்படி தரையில அறைஞ்ச மாதிரி நிக்குதுன்னு பாருங்க. ஓப்பன்ல ஒன் ஹேண்டர் அடிக்க வேண்டி வர்றது சர்வ் ரிட்டர்ன்லயும் தோளுக்கு மேல எழும்புற பந்துலயும்தான், அங்கயும் பல நேரம் ஸ்லைஸ் போடுறதே புத்திசாலித்தனம்.

சர்வ் ரிட்டர்ன்ல காலை எடுத்து வைக்கணுமா வேண்டாமா?

200 கிலோமீட்டர் வேகத்துல வர்ற சர்வ் அரை செகண்டை ஒட்டி உங்ககிட்ட வந்துடும். நாம ஆடுற லெவல்ல அவ்வளவு வேகம் இல்லேன்னாலும் நமக்கு இருக்குற ரிஃப்ளெக்ஸுக்கு அதே நெருக்கடிதான். ஃபர்ஸ்ட் சர்வுக்கு ஸ்ப்ளிட் ஸ்டெப் (எதிராளி அடிக்குற நொடியில ரெண்டு காலையும் விரிச்சு போடுற சின்னத் துள்ளல்), தோளை மட்டும் சின்னதா திருப்பு, வெளிக்காலை ஊணு, தடுத்து அனுப்பு, அவ்வளவுதான். பெரும்பாலும் ஓப்பனாதான் முடியும், முடியட்டும். செகண்ட் சர்வ் மெதுவா வந்தா ஒரு அடி உள்ள வந்து நியூட்ரல்ல அடிக்கலாம், ஆனா கிக் சர்வ் உசரமா எழும்பினா மறுபடியும் ஓப்பன்.

வாலிக்கு?

வாலின்னா பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே அடிக்குறது, அதுக்கு நியூட்ரல் இல்லேன்னா லேசா க்ளோஸ்டு. தோள் திரும்பினதும் எதிர்க்காலை பந்தை நோக்கி குறுக்க வைங்க, ஃபோர்ஹேண்ட் வாலிக்கு இடது கால், பேக்ஹேண்ட் வாலிக்கு வலது கால். உடம்புக்கு நேரா வர்ற பந்துக்கு கால் வைக்க நேரம் இருக்காது, அப்படியே தடுங்க. இதுக்கு மேல வாலில ஸ்டான்ஸ் பத்திக் கவலைப்பட ஒண்ணும் இல்ல.

நியூட்ரல்ல அடிச்சா கட்டிப் போட்ட மாதிரி இருக்கு, இடுப்பு சுத்தவே மாட்டேங்குது

நூத்துக்குத் தொண்ணூறு பேர் நியூட்ரல்னு நினைச்சு க்ளோஸ்டுல அடிக்குறாங்க. காலை முன்னாடி வைன்னு சொன்னதும் பந்து இருக்குற பக்கம் குறுக்க வச்சிடுறாங்க. கால் போக வேண்டியது நெட்டை நோக்கி. கோர்ட்ல கோடு தேவையில்ல, உங்க ராக்கெட்டையே நெட்டைப் பாத்த மாதிரி தரையில படுக்க வச்சு, அதுக்குப் பின்னாடி வலது காலை வச்சு, இடது காலை ராக்கெட் நீளத்துக்கே வச்சுப் பாருங்க. அந்த உணர்வுதான் நியூட்ரல்.

அடுத்தது பாதத்தோட கோணம். முன்கால் பாதம் சைடுலைனைப் பாத்து பூட்டின மாதிரி இறங்குனா இடுப்பு அங்கேயே நின்னுடும், முட்டிதான் திருகும். குதிகால் முதல்ல பட்டு, விரல் நெட் பக்கமா சாய்வா, ஏறக்குறைய 45 டிகிரில இறங்கட்டும். அப்புறம் பின்கால். அடிச்சு முடிக்கும்போது வலது குதிகால் தரையை விட்டு எழும்பி விரல் நுனி மட்டும் தரையில உரசணும். நல்லா நியூட்ரல் அடிக்குறவங்களோட வலது ஷூவைக் கழட்டிப் பாத்தீங்கன்னா நுனி ரப்பர் தேஞ்சு வெள்ளையா இருக்கும், அந்தத் தேய்மானத்தைப் பாத்தே அவங்க எப்படி அடிக்கிறாங்கன்னு எனக்குப் புரிஞ்சிடும்.

இன்னொண்ணு டைமிங். கால் இறங்கி ஊணினதுக்கு அப்புறம்தான் ராக்கெட் முன்னாடி கிளம்பணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா விழுந்துக்கிட்டே அடிக்குற மாதிரி ஆயிடும்.

ஓப்பன்ல நிறைய அடிச்சா இடுப்பும் கீழ் முதுகும் வலிக்குது, ஸ்டான்ஸ்தான் காரணமா?

காரணமா இருக்கலாம். ஓப்பன்ல வெளிக்கால் இடுப்பு மூட்டுதான் மொத்த வெயிட்டையும் வாங்கி, பிரேக் போட்டு, உடனே சுத்தவும் செய்யுது. மூணு விஷயம் பாருங்க. வலது பாதம் நெட்டைப் பாத்து ஊணுதா? அப்படின்னா இடுப்புக்குத் திரும்ப இடமே இல்ல, முதுகுதான் அந்தத் திருப்பத்தை வாங்கிக்குது. பாதத்தை வெளிப்பக்கமா, வலது சைடுலைன் நோக்கி சாய்ச்சு ஊணுங்க. முட்டி மடங்குதா, இல்ல விறைப்பா நிக்குதா? அடிச்சு முடிச்சதும் வலது கால் தானா சுத்தி முன்னாடி வருதா, இல்ல தரையில பிடிச்சு வச்சுட்டு மேல் உடம்பை மட்டும் திருகுறீங்களா? இந்த மூணாவதுதான் ரொம்ப மோசம்.

இதை எல்லாம் சரி பண்ணியும் வலி இருந்தாலோ, ஆடாதப்பவும் வலிச்சாலோ, தயவு செஞ்சு ஆட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. வலியோட ஆடிப் பழகுறது தைரியம் இல்ல, எனக்கு நெருக்கமா ஆடினவங்க ரெண்டு பேர் அப்படியே ஆடி மாசக்கணக்கா கோர்ட் பக்கமே வர முடியாம இருந்தாங்க.

என் பொண்ணுக்கு எட்டு வயசு, எதை முதல்ல சொல்லிக் கொடுக்கணும்?

பேரே சொல்லித் தராதீங்க. குழந்தைங்களை அப்படியே விட்டா பந்து உசரமா வர்றப்போ ஓப்பனாதான் நிப்பாங்க, ஏன்னா அவங்க உயரத்துக்கு எல்லாமே தோளுக்கு மேலதான் வருது. அதனாலதான் சாஃப்ட் பந்து முக்கியம், சிவப்புப் பந்து சாதாரண பந்தை விட 75 சதவீதம் மெதுவா போகும், ஆரஞ்சு 50, பச்சை 25. எழும்புறதும் கம்மி, அப்போ இடுப்பு உயரத்துல அடிக்கவும் காலை எடுத்து வைக்கவும் பழக முடியும். திரும்பு, வெளிக்காலை ஊணு, அடி, இந்த மூணு மட்டும் சொல்லுங்க. மெதுவான பந்துல முன்னாடி கால் வைக்குறது அதுவா வந்துடும்.

கோச் இல்லாம தனியா எப்படிப் ப்ராக்டிஸ் பண்றது?

நான் எல்லாருக்கும் முதல்ல சொல்றது ஒத்தைக்கால் ட்ரில். வலது கால்ல மட்டும் நில்லுங்க, இடது கால் விரல் சும்மா தரையைத் தொட்டுட்டு இருக்கட்டும், தோளைத் திருப்புங்க, பந்தை இடது கையால பக்கத்துல போட்டு மெதுவா அடிங்க. முதல் பத்து பந்து ஆட்டம் காணும், இருபதாவது பந்துக்குள்ள தொடையில சூடு ஏறும். அந்த சூடுதான் நீங்க தேடுற லோடு, அதாவது கால் மேல உக்காருற பாரம். அது வந்ததுக்கு அப்புறம் ஒரு பந்து அங்கிருந்தே ஓப்பன்ல, அடுத்தது இடது காலை வச்சு நியூட்ரல்லன்னு மாத்தி மாத்தி அடிங்க.

கூட ஆள் இருந்தா அவரை நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கையாலேயே ஷார்ட்டா ஒண்ணு, சைடுல தள்ளி ஒண்ணு, காலடியில ஒண்ணுன்னு கலந்து போடச் சொல்லுங்க. சொல்லாம கலக்குறதுதான் முக்கியம், ஒரே மாதிரி பந்தை ஐம்பது தடவை அடிச்சா கால் எதையும் கத்துக்காது. ஃபோனைப் பின்பக்க வேலியில மாட்டி பத்து நிமிஷம் வீடியோ எடுத்துக்கோங்க, பந்து எங்க போச்சுன்னு பாக்காம காலை மட்டும் பாருங்க.

ப்ராக்டிஸ்ல ரெண்டும் வருது, மேட்ச்ல மட்டும் எல்லாமே ஓப்பன் ஆயிடுது. ஏன்?

கால் லேட்டா கிளம்புது, அதுதான் விஷயம். எதிராளி அடிக்குற நொடியில ஸ்ப்ளிட் ஸ்டெப் போடலேன்னா ரெண்டு அடி பின்தங்கிடுவீங்க, அந்த ரெண்டு அடில ஒண்ணுதான் நியூட்ரலுக்கு வேண்டிய அடி. டென்ஷன்ல காலு கட்டிக்கும், எல்லா பந்தையும் நின்ன இடத்துலயே சமாளிப்போம், வெளியில இருந்து பாத்தா ஓப்பன் ஸ்டான்ஸ் மாதிரி தெரியும், உள்ள லோடே இருக்காது.

சரி பண்ண ஸ்டான்ஸைத் தொடாதீங்க. ஒரு முழு செட் ஸ்ப்ளிட் ஸ்டெப் ஒண்ணை மட்டும் கவனிங்க, ஸ்கோரை மறந்துடுங்க. அதோட ஷார்ட்டா வர்ற ஒவ்வொரு பந்துக்கும் கண்டிப்பா காலை வைப்பேன்னு ஒரே ஒரு சத்தியம் பண்ணிக்கோங்க. அந்த ஒரு பந்துல நியூட்ரல் திரும்பி வந்துட்டா மத்ததும் மெல்ல வரும்.

கடைசியா ஒண்ணு. ஓப்பன்ல அடிச்சா எங்க அடிக்கப் போறோம்னு எதிராளிக்குத் தெரியாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனா பாதி. நியூட்ரல்ல கால் போற திசையை வச்சு அனுபவசாலிங்க கொஞ்சம் கணிச்சிடுவாங்க. ஓப்பன்ல கால் எதையும் காட்டிக் கொடுக்காது, ஒரே நிலையில நின்னு பந்தைக் கொஞ்சம் முன்னாடி எடுத்தா கிராஸ்கோர்ட் (குறுக்கா), கொஞ்சம் விட்டு எடுத்தா டவுன் த லைன் (சைடுலைனை ஒட்டி நேரா). பேக்ஹேண்ட் மூலைக்கு ஓடி வந்து ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது இது பெரிய ஆயுதம், எதிராளி கடைசி வரைக்கும் எந்தப் பக்கமும் கிளம்ப முடியாது.

மீதிப் பாதியைத் தோள் காட்டிக் கொடுக்கும். ரெண்டாவது கேள்வியில சொன்ன மாதிரி தோள் முழுசா திரும்பி, அடிக்குற வரைக்கும் அப்படியே இருந்தாதான் மறைவு. கிராஸ்கோர்ட் அடிக்குறவங்க பல பேர் ஆசையில நெஞ்சை முன்கூட்டியே திறந்துடுவாங்க, எதிராளி கிளம்பிடுவாரு. டவுன் த லைன் ஓப்பன்ல அடிக்கும்போது இன்னும் ஒரு சிக்கல், உடம்பு இடது பக்கம் சுத்திட்டே இருக்குறப்போ பந்தை நேரா அனுப்பணும், கொஞ்சம் சீக்கிரம் சுத்தினாலும் பந்து நடுவுல போய் எதிராளி ஃபோர்ஹேண்டுல விழும். அதனால டவுன் த லைனை முதல்ல நியூட்ரல்ல நூறு பந்து அடிச்சு திசையைக் கைக்குப் பழக்குங்க, அப்புறம் செமி ஓப்பன், அதுக்கப்புறம் ஓப்பன். சைடுலைன்ல இருந்து மூணடி உள்ள ஒரு கோனை வச்சுக்கோங்க, கோட்டுக்கே குறி வைக்காதீங்க.